ட்ரிப் ஆகாமல் செய்தவரை மறுபடி கூப்பிடாதீர்கள், டீச்சர்

வாசகர் கேள்வி:

நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. வயது 66. கும்பகோணத்தில் 1984-ல் என் கணவர் கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறேன். நடையில் மரப்பலகை மேல் பழைய பீங்கான் ஃபியூஸ்கள் உள்ளன. மகன் ஏ.சி.யும் இன்வெர்ட்டரும் வாங்கிக் கொடுத்தபோது பக்கத்திலேயே ஒரு எம்.சி.பி. (மின்சாரம் அதிகமானால் தானாக விழும் சுவிட்ச்) பெட்டியும் வைத்தான். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து அந்தப் பெட்டியில் இருக்கும் பெரிய சுவிட்ச் (ஆர்.சி.சி.பி. என்கிறார்கள்) அடிக்கடி விழுந்தது. முதலில் வந்த எலக்ட்ரீஷியன், "இது போயிடுச்சும்மா" என்று புதிது மாற்றினார். மறுநாளே அதுவும் விழுந்தது. இரண்டாவதாக வந்தவர் அதைத் தாண்டி ஒயரைச் சேர்த்து 'டைரக்ட்' பண்ணிவிட்டார். கீசர் சுவிட்சும் விழுகிறது என்றேன். அந்த 16 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போட்டார். இப்போது எதுவும் விழுவதில்லை. ஆனால் பீங்கான் ஃபியூஸ் ஒன்று சுடுகிறது, லேசாகக் கருகல் வாசனையும் வருகிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீடு முழுக்க ஒயரிங்கை மாற்றிவிடச் சொல்கிறான். நம்பகமான எலக்ட்ரீஷியனை நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

– வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள டீச்சர்,

ஆள் தேடுவதைப் பிறகு பேசுவோம். இன்று ராத்திரிக்குள் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கீசரைத் தொடாதீர்கள். வெந்நீர் வேண்டுமென்றால் அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சுடுகிற ஃபியூஸைக் கை வைத்துப் பார்ப்பதோ, கம்பி கட்டிய பீங்கான் துண்டை (கேரியர்) பிடுங்கிப் பார்ப்பதோ வேண்டாம். உலர்ந்த கையோடு, காலில் செருப்போடு போய் மெயின் சுவிட்சை அணையுங்கள். அதோடு வேலை முடியவில்லை. உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மெயினை அணைத்ததும் 'கரண்ட் போய்விட்டது' என்று நினைத்து அது பாட்டரியிலிருந்து லைட், ஃபேன் லைன்களுக்கு 230 வோல்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும். அதையும் அதன் சுவிட்சிலேயே அணைத்துவிடுங்கள். ஃபேன் இல்லாமல் படுப்பது கஷ்டம்தான். முடிந்தால் பக்கத்திலோ சொந்தக்காரர் வீட்டிலோ ஒரு ராத்திரி தங்கிக்கொள்ளுங்கள். கருகல் வாசனை வரும் பலகையை நம்பித் தூங்க வேண்டாம்.

வாசனை மீட்டர் பக்கத்திலிருந்தோ, மீட்டருக்கு முன்னால் சர்வீஸ் ஒயர் வந்து சேரும் இடத்திலிருந்தோ வருகிறதா என்று எட்ட நின்று பாருங்கள். அங்கிருந்து வந்தால் அது மின்வாரியத்தின் பொறுப்பு. 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். சீல் வைத்த இடத்தில் தனியார் எலக்ட்ரீஷியன் யாரையும் கை வைக்க விடாதீர்கள். மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் வரும் மெயின் சுவிட்ச், ஃபியூஸ் பலகை, எம்.சி.பி. பெட்டி எல்லாம் நம் பொறுப்பு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் உரிமம் பெற்ற மின் மேற்பார்வையாளர். திருச்சியிலும் சுற்றுப்பட்டிலும் 30 வருஷத்துக்கு மேலாக வீட்டு ஒயரிங் பார்த்து வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவிடாமல் செய்தது, "இப்போது எதுவும் விழுவதில்லை" என்ற வரி. கோளாறு அப்படியேதான் இருக்கிறது, டீச்சர். அதை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு வாய்களையும் அந்த மனிதர் அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆர்.சி.சி.பி. என்ன செய்கிறது என்பது உங்களுக்கு எளிதாகப் புரியும். பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போயிருப்பீர்கள். பஸ்ஸில் ஏறும்போது 40 பேர் என்று எண்ணியிருந்தால் திரும்பும்போதும் 40 வர வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் பஸ் நகராது. ஆர்.சி.சி.பி. செய்வது இந்தத் தலையெண்ணும் வேலையைத்தான். பேஸ் வழியாக வீட்டுக்குள் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் ஈரச் சுவர் வழியாகவோ, கீசரின் இரும்பு உடம்பு வழியாகவோ, ஒரு மனித உடம்பு வழியாகவோ கொஞ்சம் பூமிக்குப் போய்விட்டால் கணக்கு உதைக்கும், உடனே துண்டித்துவிடும். வீட்டுக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர். இது எவ்வளவு சின்ன அளவு என்றால், ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு எரிவதற்கே ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர் வேண்டும். மனித உடம்பில் 10 மில்லி ஆம்பியர் தாண்டினாலே பிடித்ததை விட முடியாமல் கை இறுகிவிடக்கூடும். 30-ஐத் தாண்டி நீடித்தால் மூச்சும் இதயமும் ஆபத்தில் மாட்டும். அதனால்தான் அந்த எண்.

மழை பெய்தால் விழுகிறது, புதிது போட்டும் விழுகிறது என்றால் கருவியில் பழுது இல்லை, எங்கோ கசிகிறது என்று பொருள். அந்தக் கசிவு இப்போது தடையில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

கீசர் விஷயம் இதைவிட எனக்குக் கவலையாக இருக்கிறது. எம்.சி.பி. கீசரைக் காப்பாற்றுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது காப்பது சுவருக்குள் குழாயில் போகும் ஒயரை. 2,000 வாட் கீசர் இழுப்பது 9 ஆம்பியருக்கும் குறைவு. 3,000 வாட் என்றாலும் 13 தான். ஆக 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ வேண்டிய காரணமே இல்லை. விழுந்தது என்றால் கீசரின் 'காயில்' (சூடேற்றும் கம்பிச்சுருள்) பழுதாகியிருக்கலாம், எம்.சி.பி.யின் திருகு லூஸாகி அங்கே சூடு ஏறியிருக்கலாம் (உள்ளே இருக்கும் உலோகப் பட்டை சூட்டில் வளைந்துதான் விழுகிறது, வெளியிலிருந்து வரும் சூட்டுக்கும் வளையும்), அல்லது அந்த லைனிலேயே வேறு எதையாவது சேர்த்துக் கொடுத்திருக்கலாம். இதில் எது என்று பார்க்காமல் 32 போட்டுவிட்டார். கீசருக்கு வழக்கமாக இழுப்பது 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர். குழாய்க்குள் அது தாங்குவது சுமார் 20 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்.சி.பி.யோ 36 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்கு விழக்கூடாது என்பதுதான் தரநிலை. 20 தாங்கும் ஒயரில் 36 ஓடினால் அது சுவருக்குள்ளேயே வெந்துபோகும், நமக்குத் தெரியவும் தெரியாது. 32-ஐ எடுத்துவிட்டு 16 போடச் சொல்வது, வரப்போகும் ஆளுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை.

இப்படிச் செய்கிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களை அப்படி ஆக்கியதில் நமக்கும் பங்கு உண்டு. நான் ஒயர்மேனாக இருந்த காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். லால்குடி பக்கம் ஒரு வீடு. மழை பெய்தால் ட்ரிப். நான் புது ஆர்.சி.சி.பி.யைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறிவிட்டேன். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர் கீழே நின்று, "ஏன் விழுந்துச்சுன்னு பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை. இறங்கச் சொன்னார். பிறகு மூன்று மணி நேரம். ஒவ்வொரு லைனாகப் பிரித்து, மெகர் (ஒயரின் தோல் கசிகிறதா என்று அளக்கும் மீட்டர்) வைத்துச் சுற்றி, கடைசியில் கூடத்தில் நின்றார். அந்தச் சுவரில் காலண்டர் மாட்ட அடித்த ஆணி குழாயைத் துளைத்து ஒயரின் தோலில் உட்கார்ந்திருந்தது. வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. சுவர் ஓதம் ஏறினால் கசியும். ஆணியைப் பிடுங்கி அந்த ஒரு துண்டு ஒயரை மாற்றினார். வீட்டுக்காரர் கேட்டார்: "ஒரு ஆணியைப் புடுங்கினதுக்கா இவ்வளவு கூலி?" பாதிதான் கொடுத்தார்.

புது ஆர்.சி.சி.பி. ஒன்றை மாட்டிவிட்டு அரை மணியில் கிளம்பியிருந்தால் முழுக்கூலியும் கிடைத்திருக்கும், அதற்கு மேல் கடைக் கமிஷனும் கிடைத்திருக்கும். சாமானுக்குக் கொடுக்கும் காசை நாம் கண்டுபிடித்ததற்குக் கொடுப்பதில்லை. அதனால் கண்டுபிடிக்கிறவன் குறைந்து, மாட்டுகிறவன் பெருகிவிட்டான். ஆகவே போனிலேயே இப்படிச் சொல்லுங்கள்: "எந்தச் சாமானும் மாற்றாவிட்டாலும் பரவாயில்லை தம்பி, ஏன் விழுகிறது என்று பார்த்துச் சொல்வதற்குத் தனியாகக் கூலி தருகிறேன். அரை நாள் ஆனாலும் சரி." இந்த ஒரு வாக்கியத்துக்கு நல்ல ஆள் எப்படிப் பதில் சொல்கிறார் என்று கவனியுங்கள். குரலே மாறும்.

சரி, யாரைக் கூப்பிடுவது? இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். மோட்டார் காயில் கட்டுகிற கடைக்காரர், ஏ.சி. மெக்கானிக், மின்வாரிய லைன்மேன், வீட்டு ஒயரிங் பார்ப்பவர் எல்லாரையும் நாம் 'எலக்ட்ரீஷியன்' என்றே சொல்கிறோம். நான்கும் நான்கு தொழில். காயில் கட்டுபவர் மோட்டாருக்குள் என்ன நடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், உங்கள் பெட்டியில் நியூட்ரல் எங்கே கலந்திருக்கிறது என்று தேடுவது அவர் வேலையல்ல. லைன்மேன் தம்பிகள் மழையிலும் காற்றிலும் கம்பத்தில் ஏறி உழைக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்களுடைய வேலை மீட்டரோடு முடிகிறது. தெரிந்த பையன் என்று வீட்டுக்குள் அழைத்து வேலை கொடுப்பது அவருக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல.

உங்களுக்கு வேண்டியவர் ஒயரிங் ஆள். அதற்குச் சான்று இருக்கிறது. தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் ஒயர்மேன்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் தகுதிச் சான்றிதழ் தருகிறது, கான்ட்ராக்டர்களுக்கு உரிமம் தருகிறது. உதவியாளருக்கும் தனித் தேர்வு உண்டு. சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45-வது விதியில், பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை இருக்கிற மாதிரியே மாற்றுவதற்கு மட்டும் விலக்கு இருந்தது. லைன் இழுப்பது, கூட்டுவது, மாற்றியமைப்பது என்றால் உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் மூலம், சான்று பெற்றவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்றிருந்தது. 2010-ல் வந்த மத்திய மின்சார ஆணைய விதிகளிலும் இதே ஏற்பாடு தொடர்ந்தது. "தம்பி, உங்க சான்றிதழைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். வைத்திருப்பவர் கோபப்படமாட்டார். பெரும்பாலும் செல்போனிலேயே படம் வைத்திருப்பார்.

சான்று இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. அது கதவு வரை கொண்டுவந்து விடும், அவ்வளவுதான்.

உங்கள் ஊரில் தேட எனக்குத் தெரிந்த நல்ல வழி, மின்சாமான் கடைக் கல்லா. ஆனால் "நல்ல எலக்ட்ரீஷியன் யாராவது இருக்காங்களா?" என்று கேட்காதீர்கள். கடைக்காரர் தன்னிடம் அதிகம் சாமான் வாங்குபவரைத்தான் சொல்வார். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "உங்ககிட்ட ஒயர் முனைக்கு லக்ஸ் வாங்கிட்டுப் போற ஆள் யாரு? மெகர் சொந்தமா வச்சிருக்கிறவர் யாரு?" லக்ஸ் என்பது ஒயர் முனையில் மாட்டி அழுத்தும் சின்ன உலோக மூக்கு. விலை மிகக் குறைவு. அதை மெனக்கெட்டு வாங்குகிறவர் திருகைச் சரியாக முடுக்குகிறவராகவும் இருப்பார். இந்தக் கேள்விக்குக் கடைக்காரர் யோசித்து ஒன்றிரண்டு பேர்தான் சொல்வார். அந்த ஒன்றிரண்டு பேர் போதும்.

திருமண மண்டபம், மருத்துவமனை, ரைஸ் மில் இவற்றைப் பராமரிக்கும் ஆட்களையும் விசாரிக்கலாம். முகூர்த்த நேரத்தில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று அறிந்தவர்கள், மேலோட்டமாக வேலை செய்து பழக்கமில்லாதவர்கள். உங்கள் தெருவில் சமீபத்தில் வீடு கட்டிப் புது இணைப்பு வாங்கியவர் இருந்தால், ஒயரிங் அறிக்கையில் கையெழுத்துப் போட்ட கான்ட்ராக்டர் யார் என்று கேளுங்கள். செல்போன் ஆப்களில் வருபவர்களிலும் நல்ல பிள்ளைகள் உண்டு. ஆனால் அங்கே நேரம் பார்த்து வேலை. ஃபேன் மாட்ட, சுவிட்ச் மாற்றச் சரி. மூன்று மணி நேரம் கசிவு தேடும் வேலைக்கு அது பொருந்தாது.

போனில் பேசும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: "மழை பெஞ்சா ஆர்.சி.சி.பி. விழுது, என்ன செய்யணும்?" "மாத்திடலாம்மா" என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். "டைரக்ட் பண்ணிடலாம்" என்றால் நன்றிகூட வேண்டாம். "உடனே விழுதா, கொஞ்ச நேரம் கழிச்சா? எந்தச் சாமான் போடும்போது? வெளி லைட்டு, மோட்டார் இருக்கா? இன்வெர்ட்டர் எப்ப போட்டீங்க?" என்று உங்களையே திருப்பிக் கேட்கிறாரா, அவரை வரச் சொல்லுங்கள். நாடி பிடிக்கிறவர் அவர்தான்.

வந்த பிறகு நீங்கள் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். பரீட்சை அறையில் மேற்பார்வை செய்த கண் உங்களுக்கு உண்டு. காலில் ஷூ அல்லது ரப்பர் செருப்பு இருக்க வேண்டும். பெட்டியைத் திறக்கும் முன் மெயினை அணைத்து, கேட்காமலே "இன்வெர்ட்டர் எங்கம்மா?" என்று அதையும் அணைக்க வேண்டும். அணைத்த பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன் அந்த டெஸ்டரைக் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து, வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டால் அவர் நல்ல கையில் பயின்றவர். பையில் டெஸ்டரும் ஸ்க்ரூ டிரைவரும் கட்டிங் பிளேயரும் மட்டும் இருந்தால் உங்கள் வேலைக்கு அவர் போதாது. மல்டிமீட்டர், ஒயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் க்ளாம்ப் மீட்டர், 500 வோல்ட் மெகர் மூன்றும் வேண்டும். மெகர் போடுவதற்கு முன் டி.வி., ஃப்ரிட்ஜ் பிளக்குகளை எடுக்கச் சொல்வார். சொல்லாமல் போட்டால் நீங்களே எடுத்துவிடுங்கள், அந்த 500 வோல்ட் மின்னணுச் சாமான்களுக்கு ஆகாது. ஒரு லைனின் அளவு 1 மெகா ஓமுக்குக் கீழே வரக்கூடாது. வருகிறது என்றால் அதில்தான் கசிவு.

எல்லா எம்.சி.பி.யையும் அணைத்தும் ஆர்.சி.சி.பி. விழுந்தால் பலர் "பாத்தீங்களா, இதுதான் ஃபால்ட்டு" என்பார்கள். அவசரப்பட வேண்டாம். சாதாரண எம்.சி.பி. பேஸை மட்டும் துண்டிக்கும். நியூட்ரல்கள் எல்லாம் பட்டையில் சேர்ந்தேதான் இருக்கும். ஏதோ ஓர் இடத்தில் நியூட்ரல் ஒயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் விழும். விவரமானவர் நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்.

உங்கள் வீட்டில் எங்கே இருக்கும் என்று இங்கிருந்தே அறுதியிட முடியாது. ஆனால் நானாக இருந்தால் இந்த வரிசையில் தேடுவேன். முதலில் வெளியே: வாசல் காலிங்பெல் சுவிட்ச், மொட்டை மாடி லைட், தோட்டத்து லைட், மோட்டார் ஸ்டார்ட்டர். மழை நனைக்கும் இடங்கள். அடுத்து கீசர். அதன் காயில் கசிந்தால் மழை இல்லாமலும் விழும், இரண்டு பழுதும் ஒன்றாகவே இருக்க வாய்ப்புண்டு. மூன்றாவது, இன்வெர்ட்டர் இணைப்பு. இன்வெர்ட்டர் லைனின் பேஸை ஒரு பக்கமும் நியூட்ரலை இன்னொரு பக்கமும் எடுத்துவிட்டால், சுற்றுலா போன பிள்ளை வேறு பஸ்ஸில் திரும்பிய கதைதான். யாரும் தொலையவில்லை, ஆனாலும் கணக்கு உதைக்கும். இந்தக் கோளாறை நான் இன்வெர்ட்டர் வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

நான்காவதாக எர்த். இதைக் கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு வயதுள்ள பல வீடுகளில் எர்த் ஒயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். அன்று அது இரும்புக் குழாய், பூமிக்குள் போனது. பிற்பாடு குழாய் துருப்பிடித்து பிளாஸ்டிக் குழாய் மாற்றும்போது எர்த் அறுந்துபோனதை ப்ளம்பரும் கவனிப்பதில்லை, வீட்டுக்காரரும் கவனிப்பதில்லை. மூன்றாவது துளையில் ஒயர் இருக்கும், அது எங்கும் போகாது. அப்படியென்றால் கீசரில் கசியும் மின்சாரத்துக்குப் பூமிக்குப் போகும் ஒரே வழி, குழாயைத் திறக்கும் கை. உங்கள் ஆர்.சி.சி.பி. இப்போது டைரக்டில் இருப்பதால்தான் கீசரைத் தொடவே வேண்டாம் என்று முதல் வரியில் சொன்னேன்.

சுடுகிற பீங்கான் ஃபியூஸ் பெரும்பாலும் எளிய கோளாறுதான். கேரியரின் பித்தளைக் காது தளர்ந்து கீழே இருக்கும் பீங்கான் பகுதியில் சரியாகக் கவ்வாமல் இருக்கும், அல்லது திருகு லூஸ். எதைக் கட்டியிருக்கிறார்கள் என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஃபியூஸுக்கென்றே வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி 5, 10, 15 ஆம்பியர் என்று விற்கிறது. அவசரத்துக்கு ஒயரிலிருந்து நாலு இழையை உருவிக் கட்டுவது நம் ஊர் வழக்கம். அது போகவே போகாது, அதற்குப் பதில் பலகை போகும். இந்தக் கேரியர்களை எடுத்துவிட்டு எல்லா லைனையும் எம்.சி.பி.க்கு மாற்றிவிடலாம். பெரிய செலவில்லை. ஆனால் பழைய ஒயர் அலுமினியமாக இருந்து, புதுப் பெட்டியில் செம்போடு முறுக்கிச் சேர்த்தால் அந்த இணைப்பு சில வருஷத்தில் தளர்ந்து மறுபடி சுடும். அங்கே அதற்கான கனெக்டர் போட வேண்டும். சும்மா முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் நிறுத்தச் சொல்லுங்கள்.

மகன் சொல்வதும் தவறில்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பயம் இருக்கும். ஆனால் முழு ஒயரிங் என்பது சுவரை வெட்டி, சுண்ணாம்பும் தூசியுமாக, வீட்டில் நீங்கள் இருக்க முடியாத வேலை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதைத் தொடங்கக்கூடாது. இப்போது கசிவைக் கண்டுபிடியுங்கள், எர்த்தைச் சரிசெய்யுங்கள், ஆர்.சி.சி.பி.யை மறுபடி வேலைக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு லைனின் மெகர் அளவையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சமையலறை, குளியலறை லைன்கள் மோசமாக இருந்தால் அவற்றை மட்டும் பங்குனியில் புதிதாக இழுத்துக்கொள்ளலாம். மற்றவை நன்றாக இருந்தால் இன்னும் பல வருஷம் ஓடும்.

சாமான் வாங்கும்போது இரண்டு விஷயம் மட்டும். ஆர்.சி.சி.பி.யின் முகத்தில் '30' மில்லி ஆம்பியர் என்று இருக்க வேண்டும். 100, 300 என்றும் கடையில் கிடைக்கும். அதைப் போட்டால் விழுவது நின்றுவிடும், ஆனால் அவை ஆளைக் காப்பாற்றும் அளவு அல்ல. முதலில் வந்தவர் மாற்றியது எது என்றும் பாருங்கள், 30 ஆக இருந்தால் அதையே திரும்ப இணைக்கலாம், புதிது வாங்கத் தேவையில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பில்லும் இல்லாமல் எம்.சி.பி. வாங்காதீர்கள், போலிகள் நடமாடுகின்றன. கழற்றிய பழைய சாமான்களை உங்களிடமே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் அவர் பையைக் கட்டுவதற்கு முன், ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய சின்ன பட்டனை நீங்களே அழுத்திப் பாருங்கள். டக்கென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் இன்னும் டைரக்டிலேயே இருக்கிறது அல்லது கருவி போய்விட்டது, காசு கொடுக்காதீர்கள். விழுந்தால் பேசிய கூலியை முழுதாகக் கொடுங்கள், ஒரு ஆணியைப் பிடுங்கியதுதான் வேலை என்றாலும். அவர் எண்ணை நாட்காட்டியின் பின்னால் எழுதிவைத்துக்கொண்டு, மாதம் பிறந்ததும் ஒரு தடவை அந்த பட்டனை அழுத்திப் பாருங்கள்.

மெகர் அளவுகள் எழுதிய தாளைப் படமெடுத்து எனக்கும் அனுப்புங்கள், டீச்சர். எந்த லைனை மாற்ற வேண்டும், எதை விட்டுவைக்கலாம் என்று பார்த்து எழுதுகிறேன். அதையே உங்கள் மகனுக்கும் அனுப்பலாம்.